நேரேஷன் எழுதியவனுக்கு மார்க் உண்டா?

ஆரணிக்குப் போனால் பட்டுப்புடவையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தறிக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். ஓட்டை குத்திய அட்டைகள் கயிற்றில் கோத்து மாலை மாதிரித் தொங்கும். ஓட்டை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு செய்த ஏற்பாடு. கம்ப்யூட்டருக்குத் தாத்தா இதுதான் என்று எல்லோரும் சொல்லியாச்சு. நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு அட்டை கிழிகிறது. புதிதாகக் குத்துகிறார்கள். அதில் வரிசை எண் போடாமல் விட்டால்? அடுத்த முறை பிரித்துக் கோர்ப்பவர் மயிலின் கழுத்தை வாலில் வைப்பார். புடவை போச்சு. ஆனால் எண் போட்டவரை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை.

சாஃப்ட்வேரிலும் இதே கதைதான். 2019 முதல் நம் ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகள் பைதான் என்ற கணினி மொழியைப் படிக்கிறார்கள். அந்த மொழியோடு ஒரு நூலகமும் சேர்ந்தே வரும். தேதி கணக்கிட, ஃபைல் திறக்க, மெயில் அனுப்ப என்று சகலத்துக்கும் ரெடிமேட் கருவிகள். எதை எப்படிப் பயன்படுத்துவது, தப்பாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கப் பக்கம் உண்டு. எழுதுவது பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்.

"அதான் எழுதியாச்சே, அப்புறம் என்ன?" என்கிறீர்களா? எழுதுவது ஒரு நாள் வேலை சார். பராமரிப்பதுதான் ஆயுள் தண்டனை. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் 19 பழைய பகுதிகளைத் தூக்கிவிட்டார்கள். 2022-லிருந்தே 'இது போகப் போகிறது' என்று எச்சரிக்கை போட்டிருந்தது. யாரோ உட்கார்ந்து செய்த வேலை அது. படிக்காமல் விட்டவர் "சொல்லாமக் கொள்ளாம தூக்கிட்டான்" என்று குதித்தால் யார் தப்பு?

நான் பி.காம். ஜர்னல் என்ட்ரிக்குக் கீழே நேரேஷன் இல்லையென்றால், தொகை சரியாக இருந்தாலும் எங்கள் வாத்தியார் மார்க்கை வெட்டுவார். "ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கிறவன் உன் மூஞ்சியைப் பார்த்தா புரிஞ்சுக்குவான்?" என்பார். நம் ஐ.டி. உலகில் அந்த நேரேஷனுக்கு என்ன மரியாதை? வேறு வேலை இல்லாத புதுப் பையன் தலையில் கட்டுவது.

1843-ல் அடா லவ்லேஸ், பாபேஜின் இயந்திரம் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தார். தன் பங்குக்குக் குறிப்புகளும் எழுதினார். அவை கட்டுரையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். அடாவை உலகத்துக்கே தெரியும். மூலக் கட்டுரை எழுதியவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

பைதானை இலவசமாக எடுத்துக் கோடிகளில் பில் போடும் கம்பெனிகளே, மாதம் ஒரு நாள், சம்பளத்தோடு, ஒரு ஊழியரை அந்தப் பக்கங்களைத் திருத்த விடுங்கள். என்ஜினீயரிங் கல்லூரிகளே, கடையில் காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டுக்கெல்லாம் மார்க் போடுகிறீர்களே, பைதான் விளக்கத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தி, அதை அவர்களை ஏற்க வைத்த மாணவனுக்குப் போட மாட்டீர்களா?