மிதக்கும் மாளிகையில் குருட்டு ஏலம்!

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடப்பதை அறியாதவர் நம் ஜில்லாவில் இல்லை. மீன் தரையில் கிடக்கிறது. வாங்குகிறவர்கள் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் கேட்கும் விலை மற்றவர் காதில் விழுகிறது. மீன் நாறினால் மூக்குக்குத் தெரியும். கூடை சரிந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்த ஏலத்திலும் மீனவனை ஏய்க்கும் கடன்கார வியாபாரி உண்டு, அது வாஸ்தவம். என்றாலும், சரக்கைக் காட்டாமல், எதிராளியின் விலையைச் சொல்லாமல், பணத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் ஏலத்தை முதுநகரில் யாராவது நடத்தினால், கூடையைத் தலையில் கவிழ்த்து அனுப்பிவிடுவார்கள் நம் பெண்கள்.

அப்படிப்பட்ட ஏலத்தைத்தான் உல்லாசக் கப்பல் கம்பெனிகள் இன்று உலகமெங்கும் நடத்திக்கொண்டிருக்கின்றன. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கேபின் அப்கிரேடு’. கீழ் அறைக்குப் பணம் கட்டியவர் மேல் அறைக்கு உயர்த்தப்படுகிறாராம். இது பிரயாணியின் அதிர்ஷ்டமாம். கம்பெனியின் தாராள மனமாம். சுற்றுலாப் பக்கங்களை நிரப்பும் பத்திரிகைகளும் இப்படியே தம்பட்டம் அடிக்கின்றன.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது. எப்படி என்று பார்ப்போம்.

உயர்வின் சூட்சுமம்

உல்லாசக் கப்பல் என்பது நான்கு படிகள் கொண்ட ஏணி. அடிப்படியில் ஜன்னலே இல்லாத உள்ளறை. அதற்கு மேல் கண்ணாடி வழியே கடல் தெரியும் அறை. அதற்கும் மேல் பால்கனி அறை. உச்சியில் ‘சூட்’ எனப்படும் மாளிகை அறைகள். சில கப்பல்களில் உச்சிப்படிக்காரர்களுக்குத் தனி உணவுக்கூடம், தனி நீச்சல் குளம், தனி வேலைக்காரர், பூட்டிய கதவு எல்லாம் உண்டு. ‘நார்வீஜியன்’ கம்பெனியின் ‘ஹேவன்’ பகுதியும், ‘எம்.எஸ்.சி.’ கம்பெனியின் ‘யாட் கிளப்’ பகுதியும் இப்படிக் கப்பலுக்குள்ளே தனிக் கப்பலாக விளங்குகின்றன.

கப்பல் புறப்படும் நாள் நெருங்குகிறது. மேல் அறைகள் சில காலியாக இருக்கின்றன. கம்பெனி என்ன செய்யலாம்? விலையைக் குறைத்து விற்கலாம். ஆனால் பகிரங்கமாகக் குறைத்தால், முழு விலை கொடுத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அடுத்த பிரயாணத்துக்கும் எல்லாரும் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள். எனவே விலைப்பட்டியலைத் தொடாமல், காதும் காதும் வைத்தாற்போல விற்க வழி தேடினார்கள். அந்த வழிதான் ஏலம்.

ஏற்கனவே கீழ் அறைக்குப் பணம் கட்டியவருக்குக் கடிதம் போகிறது: மேல் அறைக்கு இன்னும் எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று கேட்கிறது. ‘ராயல் கரீபியன்’ கம்பெனி இதற்கு ‘ராயல் அப்’ என்று பெயர் வைத்திருக்கிறது. மற்றக் கம்பெனிகளுக்கும் இப்படி ஆளுக்கொரு பெயர் உண்டு. கனடாவில் ‘பிளஸ்கிரேடு’ என்னும் ஒரு கம்பெனி, விமானக் கம்பெனிகளுக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் இந்த ஏல யந்திரத்தைச் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறது.

பிரயாணி தொகையைக் குறிக்கும்போது திரையில் ஒரு முள் அசைகிறது. குறைவாகக் குறித்தால் ‘பலவீனம்’ என்கிறது. கூட்டினால் ‘பலம்’ என்கிறது. எத்தனை அறை காலி என்று அது சொல்லாது. எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்றும் சொல்லாது. போனமுறை என்ன தொகைக்குக் கிடைத்தது என்றும் சொல்லாது. விற்கிறவனே எழுதி வைத்த யந்திரம், வாங்குகிறவனைப் பார்த்து ‘நீ பலவீனமானவன்’ என்கிறது!

குறிக்கும் தொகை ஓர் ஆளுக்கு உரியது. 100 டாலர் என்று குறித்தால், இருவர் தங்கும் அறைக்கு 200 டாலர் பிடித்துக்கொள்வார்கள். ஏலம் அங்கீகரிக்கப்பட்டால் கடன் அட்டையிலிருந்து பணம் உடனே போய்விடும்; திரும்பி வராது. எந்த அறை, எந்தத் தளம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் பிரயாணிக்குக் கிடையாது. உயிர்காக்கும் படகு கடலை மறைத்து நிற்கும் அறையும் வாய்க்கலாம். நள்ளிரவு வரை பாட்டுக் கச்சேரி அதிரும் கூடத்துக்கு மேலேயும் வாய்க்கலாம்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. ஒருவர் உள்ளறையிலிருந்து பால்கனி அறைக்குப் போனால் உள்ளறை காலியாகிறது. அதை இன்னொருவருக்கு விற்கலாம். பால்கனி அறைக்காரர் சூட்டுக்குப் போனால் பால்கனி அறை காலியாகிறது. அதற்கும் ஓர் ஏலம். உச்சியில் காலியாகக் கிடந்த ஒரே ஓர் அறையை வைத்து, படிக்குப் படி காசு பார்க்கிறார்கள். அறை ஒன்று, வசூல் மூன்று!

இதற்கு ஒரு சகோதரத் தந்திரமும் உண்டு. அதன் பெயர் ‘கியாரண்டி’ அறை. அறை எண் இல்லாமலே பணம் கட்ட வேண்டும். மேலே போடுவார்களோ என்ற ஆசையில் பிரயாணி கட்டுகிறார். எது விற்காமல் மிஞ்சுகிறதோ அதில் கம்பெனி அவரைப் போடுகிறது. உத்தரவாதம் உண்மையில் யாருக்கு? காலி அறை நிரம்பும் என்று கம்பெனிக்குத்தான்!

“யாரும் வற்புறுத்தவில்லையே?”

இப்படிக் கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்வோம்.

ஏலத்தில் சிலருக்குப் பட்டியல் விலையைவிடக் குறைவாக மேல் அறை கிடைப்பது உண்டு, மறுக்கவில்லை. சேமித்த காசில் நாலு நாள் கடலில் போய்வர ஆசைப்படும் ஆசிரியரையோ குமாஸ்தாவையோ நாம் குறை கூறவில்லை. உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டும். அவன் மனைவி மக்களுக்குக் கடற்காற்று வேண்டும். அது நமது கோரிக்கையுங்கூட.

நாம் கேட்பது இதுதான்: ஜன்னல் இல்லாத அறையைக் கட்டியது யார்? காற்றும் வெளிச்சமும் பணம் கொடுத்தால்தான் கிடைக்கும் என்று கப்பலை வகுத்தது யார்? முதலில் மூச்சுத் திணற வைப்பது. பிறகு மூச்சை ஏலம் விடுவது. அப்கிரேடு விற்பனையாக வேண்டுமானால் கீழ் அறை கீழாகவே இருக்க வேண்டும். அறையைவிட, ஏற்றத்தாழ்வுதான் அங்கே சரக்கு.

இந்தச் சரக்கில் லாபம் இல்லாமலில்லை. ‘ராயல் கரீபியன்’ 2024-ல் ஈட்டிய நிகர லாபம் ஏறக்குறைய 290 கோடி டாலர். ‘கார்னிவல்’ கம்பெனியின் அதே ஆண்டு வருமானம் 2,500 கோடி டாலர். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, டிக்கட்டுக்கு அப்பால் மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா முதலியவற்றில் வந்தது. கப்பலில் ஏறிய பின்னும் மடி அவிழ்வது நிற்பதில்லை.

உயர்வே இல்லாத கேபின்

இந்த மாளிகையில் இன்னொரு வகை அறை உண்டு. விளம்பரத்தில் அதன் படம் வராது. அதற்கு ஏலமும் கிடையாது. கப்பலின் அடித்தளத்தில், பல கப்பல்களில் நீர்மட்டத்துக்கும் கீழே, இரண்டு பேருக்கு ஒன்றாக அடுக்குக் கட்டில் போட்ட அறை. படுக்கை விரிப்பவர், பாத்திரம் கழுவுபவர், சமைப்பவர், துணி துவைப்பவர் படுக்கும் இடம் அது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய ஏழை நாடுகளின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளி வர்க்கம் சிந்திய ரத்தத்தை நினைவுகூர்ந்த நாள் அது. நூறாண்டுக்குப் பிறகும் கடலில் நிலை என்ன? 2006-ம் வருஷத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வாரத்தில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு தந்தால் போதும் என்று ஒரு வழி வைத்திருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். கழித்துப் பாருங்கள்: மிச்சம் 91. எட்டு மணி நேரம் எங்கே, 91 மணி நேரத்துக்கு இடம் வைத்த சட்டம் எங்கே!

சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் கமிட்டி நிர்ணயித்தபடி, தேர்ந்த மாலுமியின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதம் 690 டாலர். ஒரு வாரப் பிரயாணத்துக்குச் சூட் அறை கேட்டு ஒரு ஜோடி குறிக்கும் ஏலத்தொகை, பல சமயம் இதைத் தாண்டிவிடுகிறது. இந்த அளவுகோலும் கப்பலோட்டும் மாலுமிக்குத்தான். படுக்கை விரிப்பவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியதே சம்பளம். பிரயாணியிடம் தினப்படி ‘டிப்ஸ்’ என்று கணக்கில் ஏற்றி வசூலித்து, அதைச் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டும் கம்பெனிகளும் உண்டு. கூலி கொடுக்கும் கடமையைக்கூடப் பிரயாணியின் தலையில் கட்டிவிட்டார்கள்!

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் நிறுத்தி வைக்கப்பட்டதை மறக்க முடியுமா? 3,711 பேர் இருந்த அக்கப்பலில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. பிரயாணிகள் அறைக்குள் அடைக்கப்பட்டார்கள். பால்கனி அறைக்காரருக்குக் காற்று இருந்தது. உள்ளறைக்காரர் முறை வைத்து மேல்தளத்துக்குப் போய் மூச்சு வாங்கினார். ஊழியர்களோ, கூட்டு அறையில் படுத்து, எழுந்து, அறை அறையாகச் சோறு கொண்டுபோனார்கள். எங்களைக் காப்பாற்றுங்கள் என்று நம் நாட்டு ஊழியர்கள் வீடியோ எடுத்து அனுப்பிக் கெஞ்சினார்கள். ஒரே கப்பல், ஒரே நோய். ஆபத்து மட்டும் வகுப்புவாரியாகப் பங்கிடப்பட்டது.

டெக் பிரயாணிகளின் சந்ததி நாம்

தமிழனுக்குக் கப்பல் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட ‘ராஜுலா’ என்னும் பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஜனங்களை அரை நூற்றாண்டுக் காலம் சுமந்தது. மேல் வகுப்பில் சில டஜன் பேர். டெக்கில் 5,000-க்கும் மேற்பட்டவர்களை ஏற்ற லைசென்ஸ். மலேயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போன நம் பாட்டன் பாட்டிக்குக் கேபின் கிடையாது. பாயும் மூட்டையும் திறந்த வெளியுமே கிடைத்தன. பிறகு அதே வழித்தடத்தில் சர்க்கார் கப்பலாக ‘சிதம்பரம்’ ஓடியது. 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தில் பல உயிர்கள் பலியாயின. அதோடு அதன் ஓட்டமும் முடிந்தது.

அதற்குப் பின் ஏழை எளியவர் போய்வரும் கப்பலுக்கு என்ன ஏற்பாடு? நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. ஆனால் உல்லாசக் கப்பலுக்கு வரவேற்பு எப்படி? 2022 ஜூனில் சென்னையில் முதலமைச்சரே கொடியசைத்து ‘கார்டிலியா’ கப்பலை அனுப்பினார். சுற்றுலா வளரட்டும், நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முதுநகர்த் துறைமுகத்தைப் பாருங்கள். ஆழம் போதாமல் கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுப் படகாகச் சரக்கு ஏற்றி இறக்கிய உழைப்பாளிகளின் ஊர் இது. ‘சாகர்மாலா’ திட்டத்தில் புதுத் தளங்கள் கட்டினார்கள். தளம் கட்டினால் போதுமா? அதில் உள்ளூர்க்காரனுக்கு நிரந்தர வேலை உண்டா என்பதல்லவா கேள்வி? இங்கே வேலை இல்லாததால்தானே, கேட்டரிங் படித்த நம் பிள்ளை அந்த மாளிகையின் அடித்தளத்தைத் தேடிப் போகிறான்?

கரையேறி வரும் கொள்ளை

“கப்பல் பணக்காரன் சமாசாரம், நமக்கென்ன?” என்று இருந்துவிட முடியாது. இந்த நோய் எப்போதோ கரையேறிவிட்டது.

காலி இடத்தை நிரப்ப ஏலம்தான் வழியா? இல்லை என்பதற்கு நம் ரயில்வேயே சாட்சி. மேல் வகுப்பில் படுக்கை காலியாக இருந்தால், முழுக் கட்டணம் கட்டிய கீழ் வகுப்புப் பிரயாணிக்குக் கூடுதல் காசு இல்லாமலே அதைக் கொடுக்கும் ஏற்பாடு 2006-ல் வந்தது. பொதுத்துறை என்றால் அப்படியும் செய்ய முடியும். அதே ரயில்வேயில் 2016 செப்டம்பரில் என்ன நடந்தது? ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 10 சதவிகித இடம் விற்கும் ஒவ்வொரு முறையும் 10 சதவிகிதம் கட்டணம் ஏறும் முறையைப் புகுத்தினார்கள். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களின் சலுகையைப் பறித்தார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சென்னையிலிருந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஆம்னி பஸ் கட்டணம் ஏறுகிற ஏற்றத்தை நாம் சொல்லவா வேண்டும்? உன் அவசரம் எவ்வளவோ அவ்வளவு விலை: கப்பலின் குருட்டு ஏலத்துக்கும் இதற்கும் தாய் ஒருத்திதான்.

நாம் கோருவது

ஒன்று: இந்தியாவில் விற்கும் எந்தக் கப்பல் டிக்கட்டிலும் அப்கிரேடு ஏலம் நடந்தால், காலி அறை எத்தனை, ஒப்புக்கொள்ளும் குறைந்த விலை என்ன, மொத்தம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முன்கூட்டியே வெளியிட வேண்டும். இணைய விற்பனையில் ஏமாற்று வித்தைகளைத் தடுக்க 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் நெறிமுறை வெளியிட்டதே, அது அலமாரியில் தூங்கக் கூடாது.

இரண்டு: கப்பல் ஊழியரின் சம்பளத்தை டிப்ஸிலிருந்து பிரிக்க வேண்டும். ஓய்வு நேரத்தைப் பரிசோதிக்க வேண்டும். கப்பல் வேலை வாங்கித் தருவதற்கு ஊழியரிடம் கமிஷன் வாங்குவது சட்ட விரோதம். பிள்ளையின் வேலைக்காகத் தாலியை அடகு வைக்கும் பெற்றோர்களே, கப்பல் போக்குவரத்து டைரக்டர் ஜெனரலின் லைசென்ஸ் இல்லாத ஏஜெண்டிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்!

மூன்று: ரயிலில் ஏறுகட்டணத்தை ஒழிக்க வேண்டும், பறித்த சலுகையைத் திருப்பித் தர வேண்டும், சாதாரணப் பெட்டிகளைக் கூட்ட வேண்டும். ஆம்னி பஸ் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்து அமல் நடத்த வேண்டும்.

நான்கு: முதுநகர்த் துறைமுகத்தில் மீனவருக்கும் சுமைத் தொழிலாளிக்கும் முதல் உரிமை வேண்டும். சாதாரண ஜனங்கள் போய்வரும் கப்பலுக்குச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும்.

மேல்தளத்தில் ஓர் அறை மாறுவதற்கு உயர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏணியின் ஒரு படியிலிருந்து மறு படிக்குத் தாவ, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் காசு கட்டுவது உயர்வு ஆகாது. அடித்தளத்தில் 91 மணி நேரம் வரை உழைக்க வைக்கப்படுகிறவனின் வேலை நேரம் குறைய வேண்டும். அவன் கூலி ஏற வேண்டும். அவன் அறைக்கும் காற்று வர வேண்டும். அந்த உயர்வை எந்தக் கம்பெனியும் ஏலத்தில் விடாது. சங்கமாகத் திரண்டுதான் அதைப் பெற முடியும்.