தாய் படுக்கையில், பிள்ளைகள் பகையில்!

நிலத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேசாமல் இருக்கலாம். மதகடிப்பட்டு சந்தையில் எதிரெதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். ஆனால், தாய் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது என்ன செய்வது?

"செயற்கைச் சுவாசம் தொடரட்டுமா, வேண்டாமா?" என்று டாக்டர் கேட்கிறார். கூடவே இருந்து பார்த்தவன், "அம்மா பட்டது போதும்" என்கிறான். வெளியூரிலிருந்து வந்தவன், "எப்படியாவது காப்பாற்றுங்கள்" என்கிறான். இரண்டுமே பாசம்தான். ஆனால், பழைய பகை அதைச் சூழ்ச்சியாகக் காட்டுகிறது.

மூத்தவன் சொல்வதே முடிவு, மகளுக்குப் பேச்சில்லை என்று சட்டம் சொல்லவில்லை.

சுப்ரீம் கோர்ட்டு 2018 மார்ச் 9-ந் தேதி இதற்கு வழி காட்டியது. 2023-ல் அதை எளிதாக்கியது. குணமாகாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம், தமக்காக யார் பேசுவது என்று, நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். 2 சாட்சிகள் வேண்டும். நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்பு கையெழுத்திட வேண்டும்.

எழுதி வைக்காவிட்டால்? அப்போதும் ஒரு பிள்ளையின் சொல் மட்டும் போதாது. 3 டாக்டர்கள் கொண்ட குழு பார்க்க வேண்டும். மற்றொரு குழுவும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பத்தாரின் சம்மதமும் வேண்டும்.

ஆகவே, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து டாக்டர் சொல்வதைக் கேட்கட்டும். "எனக்கு என்ன வேண்டும்?" என்பதல்ல கேள்வி. "வாய் திறக்க முடிந்தால் அம்மா என்ன சொல்வாள்?" என்பதே கேள்வி.

நிலம் எங்கும் போய்விடாது. அந்த வழக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.