ஒரே சேலைக்கு இரண்டு விலை

சென்ற மாதம் மனைவியுடன் புடைவைக் கடை ஒன்றிற்குச் சென்றிருந்தேன். எமக்கு முன்னே நின்ற மூதாட்டி ஒருவர் நூற்சேலை ஒன்றைத் தெரிந்து, கடைக்காரர் கூறிய 2,800 ரூபாவை மடியிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்துச் சென்றார். அதே சேலையில் வேறொரு நிறத்தை நாம் கேட்டோம். 2,800 என்றே தொடங்கிய விலை, பேரத்தின் பின் 2,100 ரூபாவில் வந்து நின்றது. மனைவி மகிழ்ந்தாள், நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. வீடு வந்த பின்னரே அம்மூதாட்டியின் 700 ரூபா நெஞ்சை உறுத்தலாயிற்று.

மறுநாள் வகுப்பில் இதனைக் கூறினேன். "பேரம் பேசாதது அவருடைய பிழைதானே, சேர்?" என்றான் ஒரு மாணவன். அவனுடைய தந்தையார் கடை வைத்திருப்பவர்.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. வணிகர் விலைப்பட்டியலைப் பலரும் காண வைத்தல் வேண்டும். கேட்டவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் வேண்டும். இருக்கும் பொருளை இல்லையென்று மறைத்தல் குற்றம். நாம் சென்ற கடையிலோ பட்டியலும் இல்லை, சேலையில் விலைச்சீட்டும் இல்லை. மூதாட்டி பற்றுச்சீட்டுக் கேட்கவுமில்லை. காணி விற்பனையில், உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றவரை உரோமன் டச்சுச் சட்டம் காப்பாற்றும். சேலை வாங்கியவருக்கு அந்த வாய்ப்பில்லை.

இஸ்லாமியச் சட்டம் இலாபத்துக்கு எல்லை வகுக்கிறது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மதீனாவில் விலையேறியபோது விலையை வரையறுக்குமாறு மக்கள் வேண்டியும் நபிகள் நாயகம் இணங்கவில்லை. ஆடு வாங்க அவர் கொடுத்த ஒரு தீனாருக்கு உர்வா என்பவர் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்தபோது நாயகம் அவரை ஆசீர்வதித்தார். ஆயினும், சந்தை விலை அறியாமல் வரும் வணிகக் கூட்டத்தாரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை அவர் தடுத்தார். அப்படி விற்றவர் சந்தையை அடைந்து விலை அறிந்ததும் விற்பனையை முறிக்கலாம். ஹன்பலி மத்ஹபு அறிஞர் இதனை மேலும் விரித்தனர். விலையும் அறியாது, பேரமும் அறியாது, விற்பவரை நம்பி வாங்குபவரை முஸ்தர்ஸில் என்பர். பெரிதும் ஏமாந்தால் அவரும் முறிக்கலாம் என்றனர். அம்மூதாட்டியை நேரிற் கண்டு எழுதியது போலவே எனக்குத் தோன்றிற்று! ஆனால் இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபு, வஞ்சகம் இல்லாதவிடத்து விலை மிகுதி ஒன்றுக்காக விற்பனையை முறிக்க இடந்தருவதில்லை. 1869 முதல் 1876 வரை துருக்கியில் தொகுக்கப்பட்ட மஜல்லா, அசையும் பொருளில் இருபதில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரு நட்டம் என்றது. எனினும் வஞ்சகமும் சேர்ந்தாலன்றி முறிக்க விடவில்லை. 2,100 ரூபாவில் இருபதில் ஒரு பங்கு 105 ரூபாவே.

இவற்றைக் கேட்ட மாணவன் விட்டானில்லை. "விலையை ஒட்டினால் கூட்டித்தான் ஒட்டுவார்கள், சேர். காசில்லாதவன் கெஞ்சிக் குறைக்கவும் வழியிராது" என்றான். அதிலும் உண்மை உண்டு. அவன் தந்தையார் அப்படிப் பலருக்குக் குறைத்துக் கொடுத்ததையும் நான் அறிவேன். ஆனால் அன்று கெஞ்சிக் குறைத்தவர் மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்; முழு விலை கொடுத்தவர் மடியிலிருந்து காசெடுத்த கிழவி.

"கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ, ஆச்சி" என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கடைக்காரரின் முகத்துக்கு அஞ்சி நின்றுவிட்டேன்.