பூட்டும் நமதே, சாவியும் நமதே!

"குவாண்டம் இயக்கவியலைப் படித்து என்ன ஆகப் போகிறது? பத்து மதிப்பெண், அவ்வளவுதானே?" வகுப்பில் அருகில் அமர்ந்திருந்த நண்பர் ஒருநாள் இப்படிக் கேட்டார். அன்று சிரித்து மழுப்பினேன். இன்று விடை கூற விழைகிறேன்.

வங்கிக் கணக்கு முதல் அரசாங்கச் செய்தி வரை பல இரகசியங்களை இன்று காப்பது ஒரு கணக்குப் பூட்டு. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்குத்தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தல் மிக அரிது. அந்த அருமையே பூட்டின் வலிமை. ஆனால் போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி இப்பூட்டைத் திறந்துவிடும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் கணித வழியில் காட்டினார்.

அத்தகைய கணினிதான் இன்னும் வரவில்லையே என்பீர்கள். உண்மை. ஆயினும் இன்று களவாடிய செய்தியைப் பூட்டோடு சேர்த்து வைத்து, சாவி கிடைத்த நாளில் திறக்கலாம் அல்லவா? முப்பதாண்டு மறைத்து வைக்க வேண்டிய இராணுவ இரகசியத்திற்கு ஆபத்து இன்றே தொடங்கிவிட்டது! எனவேதான் இந்தத் தாக்குதலைத் தாங்கும் புதிய பூட்டுகளுக்கு அமெரிக்கா 2024 ஆகஸ்டில் தரம் வகுத்தது. சீனாவோ 2016-லேயே குவாண்டம் செய்தித் தொடர்பு ஆய்வுக்கெனத் துணைக்கோள் ஏவிவிட்டது.

புதிய மருந்து, புதிய உலோகக் கலவை ஆகியவற்றின் ஆராய்ச்சியிலும் இக்கணினிகள் துணைபுரியும் என்று எதிர்பார்க்கின்றனர். முந்திய நாடு விற்கும். பிந்திய நாடு வாங்கும்.

வாங்கிக்கொண்டால் போயிற்று என்பாரும் உளர். 1980-களில் நாம் கேட்ட உயர்திறன் சூப்பர் கணினியைத் தர அமெரிக்கா மறுத்தது. 1988-இல் சி-டாக் நிறுவனம் தோன்றியது. 1991-இல் நம் 'பரம்' பிறந்தது. 2024-இல் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகள் குவாண்டம் கணினி ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு விதித்தன. வரலாறு திரும்புகிறது.

நம் அரசும் வாளாவிருக்கவில்லை. 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் இயக்கத்திற்கு ரூ. 6,003 கோடிக்கு மேல் ஒப்புதல் அளித்தது. ஆனால் பணம் ஒதுக்க ஒரு நாள் போதும். நல்ல இயற்பியலாளர் ஒருவர் உருவாகப் பல்லாண்டுகள் வேண்டும். அவர் எங்கிருந்து வருவார்? பெரிய ஆய்வு நிலையங்களுக்குச் செல்லும் பாதை நம்மைப் போன்ற கல்லூரிகளின் வழியாகவும் செல்கிறது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஆய்வகத்தில் சென்ற ஆண்டு ரெக்கார்டைப் பார்த்து அளவீடு எழுதுகிறோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். விடை தவறினாலும் நாமே அளந்து எழுதுவோம். தவறு ஏன் நேர்ந்தது என்று ஆசிரியப் பெருமக்களும் எங்களோடு அமர்ந்து விளக்க வேண்டுகிறேன்.

நண்பரே, அது பத்து மதிப்பெண் பாடமன்று. நாட்டின் கதவுக்குப் பூட்டுச் செய்யும் பாடம். அந்தப் பூட்டை அயலாரிடம் வாங்கினால், சாவி யாரிடம் இருக்கும்?