திருப்பித் தரும் உரிமை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சமவெளியில் செல்லும் சாலை, அதன்பின் கல்வராயன் மலையின்மீது வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. பழைய மகிழுந்து ஒன்றின் உண்மையான தேர்வு அங்கேதான் நடைபெறுகிறது. சேலம் நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டியபோது ஒரு குறையும் புலப்படாத வண்டி, வெள்ளிமலை ஏற்றத்தில் கிளட்ச் நழுவித் திணறும். எஞ்சின் கொதித்து நின்றுவிடும். இறக்கத்தில் பிரேக் தளர்ந்தால் என்னவாகும் என்பதை மலைவாழ் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மலையில் வண்டி ஆடம்பரப் பொருள் அன்று. விளைந்த மரவள்ளிக் கிழங்கு சந்தையை அடைவதும், பிள்ளைப்பேற்று வலியில் துடிக்கும் பெண் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்வதும் அதனைச் சார்ந்தவை. புதியது வாங்கப் பொருள்வசதி இல்லாதோர் பலர் சேர்த்துவைத்த பணத்தோடு கடனையும் கூட்டிப் பழைய வண்டியை வாங்குகின்றனர். அது பழுதுடையது எனத் தெரியவந்தால் அவர்கள் கேட்கும் முதல் வினா, ‘இதனைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?’ என்பதே. ‘விற்ற பொருளைத் திரும்பப் பெறும் வழக்கமில்லை’ என்பது பெரும்பாலும் கிடைக்கும் விடை. வழக்கம் இல்லாதிருக்கலாம், சட்டம் இருக்கிறது.

மாட்டுச் சந்தையில் வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விற்பவரும் உழவர், வாங்குபவரும் உழவர். மாட்டைப் பற்றிய அறிவு இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. மகிழுந்துச் சந்தையில் அந்தச் சமநிலை இல்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதனையே ஆராய்ந்தது. நல்ல வண்டி எது, பழுதான வண்டி எது எனப் பிரித்தறிய முடியாத நிலையில், வாங்குவோர் எல்லா வண்டிகளுக்கும் குறைந்த விலையே தர முன்வருவர். அவ்விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டியை வைத்திருப்போர் சந்தையை விட்டு விலக, பழுதானவையே மிஞ்சும். நேர்மையான வணிகருக்கும் இதனால் இழப்பு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை அக்கர்லாஃப் மற்றிருவருடன் பகிர்ந்துகொண்டார்.

‘வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும்’ என்னும் பழைய கோட்பாட்டை இந்தியச் சட்டம் முழுமையாக ஏற்கவில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்துடன் இருத்தல் வேண்டும். ஆயினும், வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. குறையுள்ள பொருளை ஏற்க மறுக்கவும் வழியுண்டு. ஆனால், நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பிறகு இழப்பீடு மட்டுமே கோரலாம். அந்த ‘நியாயமான காலம்’ எத்தனை நாள் என்பதைச் சட்டம் கூறவில்லை. இடர் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு படி முன்னே சென்றது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பற்றுச்சீட்டில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு குறிப்பிடாவிடில் 30 நாள்களுக்குள், பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என அது வரையறுக்கிறது. பற்றுச்சீட்டே தராமல் இருப்பதும் அவ்வாறே. பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் வாடகை வண்டியை வாங்கியவரும் இச்சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. தாம் வாழும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இன்றியும் முறையிடலாம். பொருளின் விலை 5 இலட்சம் ரூபாய் வரையெனில் கட்டணமும் இல்லை.

இத்தனையும் இருந்தும் மலைவாசி ஏன் தோற்கிறார்? முதற்காரணம் தாள். பல விற்பனைகள் தரகர் வழியே, முறையான பற்றுச்சீட்டு இல்லாமல் நடைபெறுகின்றன; நாளை அத்தரகர், ‘நான் விற்கவில்லை, உரிமையாளரைக் காட்டினேன்’ என்பார். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மோட்டார் வாகன விதிகள், பழைய வண்டி வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறவேண்டும் என்கின்றன. ஒப்படைக்கப்பட்ட வண்டிக்கு அவரையே உரிமையாளராகவும் கருதுகின்றன. இவ்விதிகள் சிற்றூர்களின் தரகர்வரை உறுதியாகச் செயற்படுத்தப்படுதல் வேண்டும். இரண்டாம் காரணம், பழுது விற்பனைக்கு முன்பே இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் சுமை. அது வாங்கியவர் தோளிலேயே விழுகிறது.

‘பழைய வண்டி பழையதாகத்தானே இருக்கும்?’ என வணிகர் கேட்பதில் நியாயம் உண்டு. தேய்ந்த டயரும் மங்கிய வண்ணமும் விலையிலேயே கழிந்துவிட்டவை. அவற்றைக் காட்டி வண்டியைத் திருப்புவது முறையன்று. ஆயின், ஓடிய தொலைவைக் குறைத்துக் காட்டுவதும், விபத்தில் வளைந்த அடிச்சட்டத்தை வண்ணம் பூசி மறைப்பதும் தேய்மானம் ஆகா.

பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இச்சிக்கலை நாள்கணக்கால் தீர்த்தது. வணிகரிடம் வாங்கிய வண்டி குறையுடையதெனில் 30 நாள்களுக்குள் திருப்பித் தந்து முழுப்பணம் பெறலாம். அதன்பின் ஒருமுறை பழுதுநீக்க வாய்ப்பளிக்க வேண்டும். அப்போதும் சரியாகாவிடில் திருப்பலாம், ஓட்டிய அளவுக்கு ஒரு பகுதி கழிக்கப்படும். அக்கட்டத்தில், 6 மாதங்களுக்குள் வெளிப்பட்ட குறை ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென மெய்ப்பிப்பது விற்றவர் கடன்.

இவ்விரண்டில் இந்தியாவுக்கு உடனடித் தேவை பின்னதே. வண்டியைப் பிரித்துப் பார்க்கும் பட்டறையும் அதனைப் பற்றிய அறிவும் வணிகரிடம் இருக்கும்போது, மெய்ப்பிக்கும் சுமையை வெள்ளிமலை உழவரிடம் சுமத்துவது பொருந்தாது. அவ்வாறு ஒரு விதி வரும்வரை, பழுது தெரிந்த அன்றே வண்டியை ஓட்டுவதை நிறுத்தி, ஏற்க மறுப்பதை ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் எழுதி அனுப்பி, அக்கடிதத்தின் நகலை வைத்துக்கொள்வதே அவர் கையிலுள்ள வலிமையான சான்று.