பொதுச் சொத்துக்குப் பட்டா எங்கே?

ஏரிப் புறம்போக்கை மிராசுதார் எப்படி விழுங்குகிறான்? எடுத்த எடுப்பில் வேலி போடுவதில்லை. முதலில் கணக்கில் கை வைக்கிறான். ‘ஏரி’ என்ற எழுத்து அழிந்தால், வேலி தானே வந்துவிடும். வரதராஜன்பேட்டை முந்திரிக் காட்டில் கூலி வேலை செய்யும் தோழருக்கு இதைப் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

இதே சூதுதான் கம்ப்யூட்டர் உலகிலும் நடக்கிறது!

லினக்ஸ் என்ற மென்பொருள் பல தேசத்து உழைப்பாளிகள் சேர்ந்து எழுதிய பொதுச் சொத்து. உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் அதுதான். 1989-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். என்ற லைசென்ஸ் அதற்குக் காவல். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்குபவருக்கும் அதே உரிமை உண்டு. மூல நிரலும் லைசென்ஸ் நகலும் அவருக்குக் கிடைத்தாக வேண்டும்.

“இலவசச் சரக்குக்குக் காகிதம் எதற்கு?” என்று சில மேதாவிகள் கேட்கிறார்கள். காகிதம் இல்லையென்றால் சரக்கு பொதுவாகிவிடும் என்று நினைப்பா? அதுதான் இல்லை! 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மென்பொருளும் நூலைப் போன்றதே. எழுதியவர் அனுமதி இல்லாமல் பிறர் அதை நகலெடுத்து வினியோகிக்க முடியாது. அந்த அனுமதிதான் லைசென்ஸ். அதைக் கிழித்தெறிந்தால் ஏழையின் உரிமை போகும். முதலாளியின் துணிச்சல் வளரும்.

அத்தாட்சி வேண்டுமா? லிங்க்ஸிஸ் கம்பெனி விற்ற வயர்லெஸ் பெட்டிக்குள் லினக்ஸ் இருந்தது. மூல நிரலைக் கொடுக்கவில்லை. 2003-ல் நிரல் எழுதுவோர் அதைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்ட பிறகே வெளியே விட்டது. அதன் எஜமானன் சிஸ்கோ மீது 2008-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழக்குத் தொடுத்தது. 2009-ல் சிஸ்கோ சமரசத்துக்கு வந்தது. லைசென்ஸ் விதிகளைக் கவனிக்கத் தனி அதிகாரியை நியமிக்க ஒப்புக்கொண்டது. கோடீசுவரக் கம்பெனியை இறங்கி வரச் செய்தது எது? அந்தக் காகிதம்தான்!

1993-ல் பிறந்த டெபியன் அமைப்பு இதில் கண்டிப்பானது. அதன் ஒவ்வொரு மென்பொருள் பொட்டலத்திலும் ‘காப்பிரைட்’ என்ற கோப்பு இருந்தாக வேண்டும். ஒரே பொட்டலத்துக்குள் பலருடைய உழைப்பு இருக்கும். ஒருவர் நிபந்தனை ஒரு மாதிரி, இன்னொருவர் நிபந்தனை வேறு மாதிரி. எழுதியது யார், நிபந்தனை என்ன என்று பொட்டலம் கட்டுபவர் பார்த்துப் பதிய வேண்டும். இது குமாஸ்தா வேலையல்ல; உழைத்தவன் பெயரைக் காக்கும் வேலை!

இந்த டெபியன் மீதுதான் மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ லினக்ஸைக் கட்டி 2007-ல் வெளியிட்டது. பொதுக் கிணற்றில் இறைத்தவர்கள் பொது விதிக்கும் கட்டுப்பட வேண்டாமா? நாம் கேட்கிறோம்:

சர்க்கார் பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு மென்பொருளிலும் லைசென்ஸைத் தெளிவாகப் பொறி!

அதன் மூல நிரலை மக்களுக்குத் திறந்து விடு!

பிறர் உழைப்பை எடுத்தாண்டால், அவர் பெயரை அழிக்காதே!

நிலத்துக்குப் பட்டா கேட்கும் வர்க்கம் அறிவுக்கும் பட்டா கேட்கும். கேட்டே தீருவோம்!