வரிப்படமும் நிபந்தனையும்

கேத்திரகணித வரிப்படங்களைக் கணனியே வரைந்து தருமாயின் மாணவரின் சிந்தனை மழுங்கிவிடும் என வாதிடுவோர் உளர். கையால் வரைவதே கணிதத்தை விளங்கிக்கொள்ளும் வழி என்பது அவர்தம் துணிபு. கைத்தேர்ச்சியையும் சிந்தனைத் தெளிவையும் ஒன்றென மயங்குவதால் எழுந்த துணிபு இது.

எல்லா முக்கோணிகளும் இருசமபக்க முக்கோணிகளே எனக் காட்டும் போலி நிறுவல் கணிதம் பயின்றோர் பலரும் அறிந்ததே. உச்சிக்கோணத்தின் இருகூறாக்கியும் அடிப்பக்கத்தின் செங்குத்து இருகூறாக்கியும் முக்கோணியினுள்ளே சந்திப்பதாக அதில் வரையப்படும். அப்புள்ளியிலிருந்து மற்றிரு பக்கங்களுக்கும் செங்குத்துகள் வரைந்தபின், தொடரும் ஒருங்கிசைவு வாதங்களில் குறை காண்பதரிது. குறை படத்திலேயே உள்ளது. அவ்விரு பக்கங்களும் சமனற்றவிடத்து அப்புள்ளி முக்கோணிக்கு வெளியே, அதன் சுற்றுவட்டத்தின் மீது அமையும்; செங்குத்தடிகளுள் ஒன்று பக்கத்தின் மீதும் மற்றையது நீட்டப்பட்ட பக்கத்தின் மீதும் விழும். ஆகவே ஒருபுறம் கூட்டப்படுவது மறுபுறம் கழிக்கப்படல் வேண்டும். கை தான் எண்ணியவாறு வரைந்தது. கண் அதனை நம்பியது.

நிபந்தனைகளைத் தீர்த்து வரையும் முறை இவ்வேமாற்றத்துக்கு எளிதில் இடந்தராது. 1963 இல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதலண்ட் தமது கலாநிதிப்பட்ட ஆய்வாக ஆக்கிய ஸ்கெச்பாட், இம்முறையின் முன்னோடியாகும். ஒளிப்பேனாவினால் பரும்படியாகக் கோடுகள் இட்டு, இவை சமாந்தரம், இவை சமநீளம் என விதித்தால், அந்நிபந்தனைகளுக்கு இயையக் கணனி படத்தைத் திருத்திற்று. 2020 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட பென்றோஸ் மேலும் ஒருபடி சென்றது. கணிதக் கூற்றை ஓரிடத்திலும் அதனைக் காட்டும் பாணியை வேறோரிடத்திலும் எழுதினால், நிபந்தனைகளைத் தீர்த்து அது படத்தை ஆக்கும். ஒரே கூற்றுக்கு வெவ்வேறு படங்களையும் தரும்.

இம்முறையில் மாணவனுக்கு வேலையில்லை என்பது பொருந்தாது. நிபந்தனை குறையின் தீர்வுகள் பலவாகும். முரண்படின் தீர்வே இராது. மேற்கூறிய புள்ளி முக்கோணியினுள்ளே அமைக என விதித்தால், சமனற்ற பக்கங்களுக்கு அந்நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேறா. போலி நிறுவல் அங்கேயே அம்பலமாகிவிடும். எதனை விதித்தல் வேண்டும், எதனை விதித்தலாகாது என்பதை மாணவனே ஆராய்ந்து துணிய வேண்டியுள்ளது. சிந்தனை மழுங்குமென அஞ்சுவோர், தரப்பட்டவற்றையும் தாமாகக் கொண்டவற்றையும் வேறுபிரித்து எழுதுமாறு மாணவரை முதலிற் பணிப்பாராக. அடிமட்டமும் கவராயமும் அதன் பின்னர் வரட்டும்.